ஏழோட மகன்

ஃபேரோ தீவுகள்ல ஒருத்தனுக்குப் பட்டப்பேரு விழுந்துச்சுன்னா, கல்லறை வரைக்கும் கூடவே வரும். ஹெயினியோட அப்பாவுக்கு ஹானுஸ்னு நல்ல பேரு இருக்கு. ஆனா ஊர்ல யாரும் அப்படிக் கூப்பிடறதில்ல. ஏழுன்னுதான். நாட்டுக்காக ஃபுட்பால்ல அவரு கோல்கீப்பரா நின்னது ஒரே ஒரு மேட்ச். ஏழு கோல் வாங்கினாரு.

அவரை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்ல. 1990ல, ஊர்ல ஒழுங்கான புல்லுத்தரை இல்லாம, ஸ்வீடன்ல இரவல் கிரவுண்டுல ஆடி ஆஸ்திரியாவையே ஒண்ணுக்கு ஜீரோன்னு அடிச்ச நாடு அது. மொத்த ஜனத்தையும் கூட்டினா நம்ம ஊர்ல ஒரு தாலுகா கூடத் தேறாது. அந்த ஒரு வெற்றிய வெச்சே ரொம்ப வருஷம் பேசிக்கிட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் அஞ்சு, ஆறுன்னு வாங்கிக் கட்டிக்கிட்டதுதான் ஜாஸ்தி.

ஹெயினி சால்மன் மீன் பேக்டரியில வேலை பாக்கறான். வலது பக்க டிஃபெண்டர். உலகக் கோப்பை தகுதிச் சுத்துக்கு அவன டீம்ல எடுத்தப்போ, அவனுக்கு இருந்தது ஒரே ஆசை. ஊருக்குத் திரும்பறப்போ ஏழோட மகனா இல்லாம ஹெயினியா திரும்பணும். பேக்டரியில பக்கத்து மேஜைக்காரன் மீன்லேருந்து கண்ண எடுக்காமயே, "நீயாவது ஆறோட நிறுத்திட்டு வாடா"ன்னான்.

மேட்ச் தெக்கத்தி நாடு ஒண்ணுல. நல்ல வெயில். கொடிக்கம்பத்துல கொடி துவைச்சுப் போட்ட துணி மாதிரி தொங்குது. அப்படி ஒரு நாள ஹெயினி பொறந்ததுலேருந்து பாத்ததில்ல. ஒரு கோல் பின்னாடி இருந்தாலும் மோசமா ஆடல. ஹெயினி தன் பக்கம் ஒருத்தனையும் தாண்ட விடல. முடியற நேரத்துல பெனால்டி கிடைச்சது.

அடிக்கப் போனவன் கேப்டன் தோர்மோத். ஹெயினியோட கிராமத்துக்காரன். அங்க கிரவுண்டு கடலை ஒட்டி இருக்கு. அடிக்கற காத்துல, வெச்ச எடத்துல பந்து நிக்காது. அதனால பெனால்டின்னா, கூட ஆடறவன் ஒருத்தன் குப்புறப் படுத்து, ஒத்த விரலால பந்த அழுத்திப் புடிச்சுக்குவான். தோர்மோத் அடிக்கறப்போ சின்ன வயசுலேருந்து படுக்கறது ஹெயினிதான்.

தோர்மோத் பந்த வெச்சான். ஹெயினி ஓடிப்போய்க் குப்புறப் படுத்து விரல வெச்சான்.

முதல்ல யாருக்கும் ஒண்ணும் புரியல. அப்புறம் அரங்கமே சிரிச்சது. ரெஃப்ரீ விசிலடிச்சுக்கிட்டே ஓடி வந்தாரு. தோர்மோத் குனிஞ்சு மெதுவா சொன்னான்.

"எந்திரிடா. இங்க காத்து இல்ல."

ஹெயினிக்கு மூஞ்சி கொதிச்சது. எந்திரிக்கறப்போதான் கவனிச்சான். தோர்மோத்தோட கால் கோல்கம்பத்துக்கு வெளிய பாத்து நிக்குது. ஊர்ல அப்படித்தான் அடிப்பான். வெளிய அடிச்சா காத்து உள்ள தள்ளிவிடும்.

"காத்து இல்லன்னு நீதான சொன்ன? அப்ப நேரா அடி."

அவங்க பாஷை அந்த கோல்கீப்பருக்கு எங்க தெரியப் போவுது? ஹெயினிக்கு ரெஃப்ரீ மஞ்ச கார்டு காட்டினாரு. தோர்மோத் கால மாத்தி வெச்சு நேரா அடிச்சான். கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய்ஞ்சான், பந்து நடுவுல போச்சு. ஒண்ணுக்கு ஒண்ணு. வெளிநாட்டு மண்ணுல ஒரு பாயின்ட்.

ட்ரெஸ்ஸிங் ரூம்ல எல்லாரும் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. நேரா அடிக்கச் சொன்னது ஹெயினின்னு தோர்மோத் எல்லார்கிட்டயும் சொன்னான். ஆனா அதுக்குள்ள எல்லார் போன்லயும் ஓடிக்கிட்டு இருந்தது கோல் இல்ல. வெயில்ல, அசையாத பந்த ஒருத்தன் படுத்துப் புடிச்சுக்கிட்டு இருக்கறது.

படகு ஊருக்கு வந்து சேந்துச்சு. துறையில கூட்டம். அப்பா வேன் பக்கத்துல நின்னாரு. ஹெயினி பைய தூக்கிக்கிட்டு எறங்கினான். கூட்டத்துலேருந்து யாரோ கூப்பிட்டாங்க.

"விரலு."

பழக்கமான குரல். ஹெயினி திரும்பிப் பாத்துட்டான்.

வேன்ல ஏறினப்புறம் அப்பா சாவியப் போட்டாரு. "அந்தப் பேருக்குத் திரும்பிப் பாக்காம வந்திருக்கலாம்டா"ன்னாரு. அப்புறம் வண்டிய எடுத்தாரு.