பில் இல்லாத முப்பத்தொரு நாள்

கணக்குப் பிரிவு ஜன்னலின் முன் தேவநாதன் நின்றான். கையில் ஒரு உறை, உள்ளே நாற்பதாயிரம். தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க மனைவி சேர்த்து வைத்தது. ஏழாம் மாதமே வலி வந்துவிட்டது. மரக்காணத்திலிருந்து இந்த அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவர முடிந்தது. பிரசவத்திலேயே அவள் போய்விட்டாள். ஒன்றேகால் கிலோ மகள், கண்ணாடிப் பெட்டிக்குள் முப்பத்தொரு நாள் கிடந்து பிழைத்தாள். இன்று வீட்டுக்குத் தூக்கிப் போகலாம் என்றார்கள். பணம் கட்டாமல் தூக்க அவனுக்குக் கை வரவில்லை. சும்மா கிடைத்த உயிரை யாராவது வந்து திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

"பில்லே கிடையாதுங்க சார்," என்றான் கிளார்க் நூருல்லா. "எந்தக் கணக்குல வரவு வைக்கிறது?"

"யாரோ செலவு பண்ணியிருக்காங்கல்ல?"

"கவர்மென்ட்டு."

"கவர்மென்ட்டுக்கு யாரு குடுத்தது?"

நூருல்லா பேனாவை மூடினான். "சார், நீங்க காலேஜ்ல எகனாமிக்ஸ் எடுக்குறவருதானே?"

பின்னால், சீட்டு வாங்க நின்ற வரிசையில் ஒருத்தி சிரித்தாள். பாக்கியலட்சுமி, உப்பளத்தில் உப்பு வாருகிறவள். அவள் மகன் அடுத்த பெட்டியில் இருக்கிறான்.

"நான் குடுத்தேண்ணா. உப்புக்குத்தான் வரி இல்ல. பாத்தியில போட்டுக்கிற பூட்ஸுக்கு இருக்குது, சோப்புக்கு இருக்குது, செல்லுக்கு ரீசார்ஜ் பண்ணா அதுக்கும் இருக்குது. எங்க வீட்டுக்காரரு டாஸ்மாக்ல கட்டுறதையும் சேத்தா, உங்க பொண்ணு படுத்த பெட்டி பாதி எங்களுதுதான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. தேவநாதன் சிரிக்கவில்லை. கட்டிய வரிக்கு நேரடிப் பலன் எதிர்பார்க்க முடியாது என்று ஆறு வருடமாகக் கரும்பலகையில் எழுதியவன். பலனை வாங்கிக்கொண்டவன் என்ன செய்வது என்று ஒருநாளும் எழுதியதில்லை.

"நன்றிம்மா," என்றான். இத்தனை நாளில் அவளிடம் பேசிய முதல் சொல்.

"ஐய, எனக்கு எதுக்குண்ணா? மழைக்காலத்துல வேல இல்லாதப்ப எங்களுக்கு நிவாரணம் வருது. அதுல உங்க காசும் இருக்கும்ல?"

"இருக்கும்."

"அப்புறம் என்ன!"

"இன்னும் முடியல," என்றான் நூருல்லா. "அந்த வார்டு, வரிக்காசுல மட்டும் கட்டுனது இல்ல சார். கடன் வாங்கித்தான் கட்டுனாங்க. இருபத்தஞ்சு வருஷத் தவணை. இன்னும் இருபத்து மூணு வருஷம் இருக்குது."

"அதை யாரு கட்டுவாங்க?"

"கடைசித் தவணையெல்லாம் உங்க பொண்ணுதான். படிச்சு, வேலைக்குப் போயி, சம்பளம் வாங்குவால்ல? வரி வாங்காம விட்டுருவாங்களா?"

தேவநாதன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். முப்பத்தொரு நாளும் டாக்டர்கள் 'நாளைக்குப் பாக்கலாம்' என்று மட்டுமே சொன்னார்கள். அதைத் தாண்டி நினைக்க அவனும் துணியவில்லை. எங்கோ யாரோ, அவள் பிறப்பதற்கு முன்பே, அவள் வளர்ந்து சம்பாதிப்பாள் என்று நம்பிக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

உறையைச் சட்டைப்பையில் வைத்தான். கண் நிறைந்தது; துடைக்கவில்லை.

"தலையைத் தாங்கித் தூக்கணும்ணா," என்றாள் பாக்கியலட்சுமி. "தெரியுமா?"

"தெரியாது."

"வாங்க, சொல்லித் தர்றேன்."