கடைசியில் வரும் மூச்சு

என் வேலை காது சோதிப்பது. ஒலி புகாத சின்ன அறையில் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பேன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். காது மந்தம் என்று எழுதிக் கொடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் சிலர் நான் சத்தமே அனுப்பாதபோதும் படபடவென்று அழுத்துவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. "ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்பேன். அவரும் சிரிப்பார், நானும் சிரிப்பேன்.

எனக்குக் கோபம் வந்தது வேறு மூன்று பேர் மேல். அவர்களுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

மூவரும் என் கணவரின் கூட்டாளிகள். கீபோர்டு அண்ணன் வாத்தியங்கள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். மிக்சிங், பெரிய விழாக்களுக்கு ஒலி அமைப்பவர். அவருடைய தாயார்கூட அவரை மிக்சிங் என்றுதான் கூப்பிடுவார் என்று என் கணவர் கிண்டல் செய்வார். மூன்றாவது ஆள் குட்டி. ஆறடி உயரம், பெயர் மட்டும் குட்டி. கிடார் வாசிப்பான். என் கணவர் பேஸ் கிடார் வாசித்தார். நான் கணவரோடு ஒட்டிக்கொண்டு போய், நாளடைவில் ஐந்தாவது ஆள் ஆனேன்.

நாங்கள் செய்தது ஆம்பியன்ட் இசை. தாளம் இருக்காது, பாட்டு இருக்காது. ஒரு ஒலி மெதுவாக இன்னொன்றாக மாறிக்கொண்டே போகும். "ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தத்தை விலைக்கு விக்கிறீங்களா?" என்று என் நாத்தனார் கேட்பாள். அவள் கேட்டதில் தப்பு இல்லை. உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டால்தான் அதில் என்ன நடக்கிறது என்றே தெரியும். அதனால் எங்கள் குழுவில் ஒரே ஒரு சட்டம் இருந்தது, என் கணவர் போட்டது: ஒருவர் அனுப்பியதை முழுசாகக் கேட்காமல் மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டபிறகு கருத்தைக் குரல் பதிவாக அனுப்ப வேண்டும். எழுத்தில் பொய் சொல்வது சுலபம், குரலில் கஷ்டம் என்பது அவர் கணக்கு. பாவம், மனிதர் அவ்வளவு நல்லவர்.

நுரையீரல் நோயில் போன வருடம் அவர் போய்விட்டார். கடைசி நாட்களில் வீட்டில்தான் இருந்தார். மூச்சு, ரம்பம் இழுப்பது போல் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு மத்தியானம் தன்னுடைய ரெக்கார்டரை எடுத்து வரச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்குங்க இதெல்லாம்?" என்றேன். "நல்ல சவுண்டு, வீணாப் போகக் கூடாது. மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்ட வை" என்றார். வைத்தேன். அவருக்குச் சிரிப்பு.

அந்த மூச்சை வைத்து என் முதல் நீண்ட படைப்பைச் செய்தேன். முக்கால் மணி நேரம் வரும். எங்கள் வீட்டுக் குழாய், ஜன்னல், மின்விசிறி, அவருடைய பேஸின் ஒற்றைத் தந்தி, எல்லாம் கரைந்து கரைந்து போய், கடைசிப் பகுதியில் அவர் மூச்சு மட்டும் மிஞ்சும். என் பெயரில் வெளியிடுவதாக இருந்தேன். ஆனால் ஒரு கேள்வி என்னைத் தின்றுகொண்டிருந்தது. ஒருவர் சாகும் தறுவாயில் விட்ட மூச்சை ஊர் கேட்க விடலாமா? அவர் சிரித்துக்கொண்டு சொன்னார் என்பதற்காக நான் செய்துவிடலாமா? இதை நாத்தனாரிடம் கேட்க முடியாது, அழுதுவிடுவாள். அந்த மூன்று பேரிடம்தான் கேட்க முடியும்.

ஃபைலை அனுப்பினேன். அது என்ன ஒலி என்று சொல்லவில்லை. "கடைசிப் பகுதியில ஒரு சத்தம் வரும். அது இருக்கலாமா, எடுத்துடலாமா? அதை மட்டும் சொல்லுங்க" என்று பேசி அனுப்பினேன். அவர்களுக்கே அடையாளம் தெரிகிறதா என்று பார்க்க எனக்கு ஆசை. எத்தனை ராத்திரி அவரோடு ஒரே அறையில் படுத்துத் தூங்கியவர்கள்.

ஒரு வாரத்தில் பதில்கள் வந்தன. "அந்த முடிவுல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சும்மா. கை வைக்காத, அப்படியே விட்டுடு" என்றார் கீபோர்டு அண்ணன். "அது இல்லாம இந்த பீஸே இல்ல அண்ணி" என்றான் குட்டி. மிக்சிங் தொழில்காரர் அல்லவா, ஒரு படி மேலே போனார். "சூப்பர் சிஸ்டர். அந்தக் கடைசி சத்தத்துல மட்டும் கீழ்ப்பக்கம் கொஞ்சம் கும்முனு இருக்கு. ஒரு சுண்டு கொறைச்சிடுங்க."

கேட்டு அழுதேன். எனக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது. அவருக்கே கிடைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும், மிக்சிங் சொன்னபடி ஒரு சுண்டு குறைக்கக் கணினியைத் திறந்தேன். மூச்சு இருந்த ஒலித்தடத்தில், சத்தத்தை அடக்கும் மியூட் பொத்தான் எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மற்ற ஒலிகளைச் சரிசெய்யும்போதெல்லாம் அந்த மூச்சைக் கேட்கத் தாங்காமல் அந்தத் தடத்தை அடக்கி வைத்துவிட்டுத்தான் வேலை செய்வேன். அப்படியே மறந்து ஃபைலை எடுத்து அனுப்பியிருக்கிறேன். அனுப்பிய ஃபைலைப் போட்டுப் பார்த்தேன். கடைசிப் பகுதி முழுக்கச் சுத்த வெறுமை. ஒரு இரைச்சல்கூட இல்லை.

இல்லாத சத்தத்துக்கு ஒருவர் கண் கலங்கியிருக்கிறார். இன்னொருவர் அதில் கும்மென்று இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார். என் கிளினிக்குக்கு வருகிறவர்களாவது பயத்தில் பொத்தானை அழுத்துகிறார்கள். இவர்களுக்கு என்ன பயம்? ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். "என்னம்மா, கடைசியில ஒண்ணும் வரலையே" என்று ஒரு வார்த்தை போதும்.

அந்த வாரம் குழு கூடும் நாளில் கீபோர்டு அண்ணன் கடை மாடிக்குப் போனேன். பிரித்துப் போட்ட ஆர்மோனியங்களுக்கு நடுவே மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். "வாம்மா, வா. பின்னிட்டே போ" என்றார் அண்ணன். நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. பெரிய ஸ்பீக்கரில் செருகி, கடைசிப் பகுதியை மட்டும் போட்டேன்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். தலையை லேசாக ஆட்டவும் தொடங்கினார். குட்டி நெற்றியில் கை வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து மிக்சிங்கைப் பார்த்தார். மிக்சிங் எழுந்து போய் ஸ்பீக்கரின் பின்பக்கம் தடவினார்.

"வயரு லூசா இருக்கு போல சிஸ்டர்."

"வயரு நல்லாதான் இருக்கு. நீங்க கேட்ட ஃபைல்தான் இது. கும்முனு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் திருதிருவென்று விழித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். என்ன ஒலி அது என்பதையும் சொன்னேன்.

"இத்தனை வருஷம் என் காதுல பூ சுத்தியிருக்கீங்க இல்ல?" என்றேன். குரல் உடைந்துவிட்டது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

குட்டிதான் வாயைத் திறந்தான். "வேணும்னு செய்யல அண்ணி. யாருமே யாரோடதையும் முழுசா கேக்கறதில்ல. ஆரம்பத்துல கொஞ்சம், நடுவுல கொஞ்சம் தட்டிப் பாப்போம். அவ்வளவு நீளம்... எல்லாருக்கும் பொழப்பு இருக்கில்ல? நீங்களும் அப்படித்தான்னு நெனச்சோம்."

"நாங்க ரெண்டு பேரும் படுத்துக்கிட்டு, லைட்டை அணைச்சிட்டு, உங்க ஒவ்வொண்ணையும் கடைசி வரைக்கும் கேட்டிருக்கோம்டா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப அவரோடது?" என்றேன். "அவரு உங்களுக்கு அனுப்பின அந்த ஒரு மணி நேர பீஸ். அதைக் கேட்டுட்டுதான 'வேலைய விட்ருடா, உனக்கு இதான் பொழப்பு'ன்னு மூணு பேரும் சொன்னீங்க? உங்க வாய் வார்த்தையை நம்பித்தான் அவரு வரைபட ஆபீஸ் வேலைய விட்டாரு. அதைக் கேட்டீங்களா இல்லையா?"

மிக்சிங் ஸ்பீக்கருக்குப் பின்னாலேயே நின்றார். கீபோர்டு அண்ணன் மென்று விழுங்கினார். "நல்லாதான்மா இருந்துச்சு. கேட்ட வரைக்கும் நல்லா இருந்துச்சு. அவன் அவ்வளவு ஆசையா கேட்டப்ப மனசை நோகடிக்க முடியல. அவன் என் தம்பி மாதிரி."

நோய்க்குக்கூட நான் இப்படி உடைந்து போகவில்லை. நோய் அவரிடம் பொய் சொல்லவில்லை.

"இப்ப போடும்மா" என்றார் அண்ணன், கை கூப்பாத குறையாக. "அந்த மூச்சைப் போடு. உக்காந்து முழுசா கேக்கறோம்."

"மாட்டேன். அது உங்களுக்கு இல்ல" என்றேன். சொன்ன பிறகுதான், ஊர் கேட்க விடலாமா என்ற என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று புரிந்தது. செருகியிருந்ததைப் பிடுங்கிப் பையில் போட்டேன்.

கதவு வரைக்கும் போனேன். அப்படியே போயிருக்கலாம், மனசு கேட்கவில்லை.

"அந்த ஒரு மணி நேர பீஸ் எப்படி முடியும்னு தெரியுமா? சத்தமெல்லாம் அடங்கின பிறகு அவர் பேசுவார். உங்க மூணு பேர் பேரையும் ஒவ்வொண்ணா சொல்லி, 'நீங்க இல்லன்னா நான் இல்லடா'ன்னு சொல்லுவார். அனுப்பிட்டு, அதைப் பத்தி யாராவது பேசுவீங்கன்னு நாள் கணக்கா போனையே பாத்துக்கிட்டு இருந்தாரு. யாரும் சொல்லல. நான் கேட்டதுக்கு, 'ஆம்பளைங்க இல்லையா, கூச்சப்படறானுங்க'ன்னு சிரிச்சாரு."

குட்டி அழ ஆரம்பித்தான். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அது உன்கிட்ட இருக்காம்மா? எனக்குக் குடு. ஒரு தடவை அவன் குரலைக் கேட்டுக்கறேன்."

"உங்ககிட்டயே இருக்குண்ணா" என்றேன். "அன்னிக்கே அனுப்பிட்டாரு."