பின்னால் போன பேட்டரி

மூன்றாவது பேட்டரியும் வெந்து செத்தபோதே அவள் சொல்லிவிட்டாள், அதை என்ஜினுக்குப் பக்கத்திலிருந்து தூக்கினால்தான் வண்டி உருப்படும் என்று.

வீட்டின் கீழ்த்தளத்தில் சலவைக்கூடம். ஹோட்டல்களின் அழுக்கு விரிப்புகளை அள்ளி வந்து, துவைத்து, இஸ்திரி போட்டு, மூட்டை மூட்டையாகத் திருப்பிக் கொடுக்கும் தொழில். இயந்திரங்களைக் கணவன் பார்த்துக்கொண்டான். பிக்கப் வண்டியும் வாடிக்கையாளர்களும் அவள் பொறுப்பு. பானெட்டைத் திறந்தால் டர்போவின் அனல் முகத்தில் அறையும். அதிலிருந்து ஒரு சாண் தள்ளி பேட்டரி உட்கார்ந்திருந்தது. அடுப்பை ஒட்டிப் படுத்தால் யாருக்குத்தான் உடம்பு தாங்கும்?

"பேட்டரியைப் பின்னாடி லோடு ஏத்துற பக்கம் மாத்திடலாங்க. ஒரு பெட்டி போட்டு கேபினை ஒட்டி வச்சிட்டா சூடு படாது," என்று சாப்பிடும்போது சொன்னாள்.

"அடுத்து என்ன, ஸ்டீயரிங்கையும் பின்னாடி மாத்திடலாமா?" என்றான் கணவன்.

மாமியார் சிரித்தாள். கொழுந்தனும் சிரித்தான். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அவளும் கொஞ்சம் சிரித்துவைத்தாள். பிற்பாடு நினைத்தபோது அந்தச் சிரிப்புதான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

அதற்குப் பிறகு காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். எழுந்து, கஞ்சி குடித்த தெம்பில் கீழே இறங்கி வந்தால், வண்டியின் பின்புறத்தில் பளபளவென்று ஒரு அலுமினியப் பெட்டி. பக்கத்தில் கொழுந்தன், முழங்கை வரை கிரீஸோடு. கார்களுக்கு ஸ்பீக்கரும் கேமராவும் மாட்டிக்கொடுக்கும் கடையில் அவனுக்கு வேலை.

"அண்ணி, பேட்டரி பின்னாடி வந்தாச்சு!"

"என் தம்பி மூளையே மூளை," என்று கணவன் அவன் முதுகில் தட்டினான். "டர்போ சூட்டுலதான் பேட்டரி போகுதுன்னு அவனே கண்டுபிடிச்சான்."

அவள் கணவனைப் பார்த்தாள், கொழுந்தனைப் பார்த்தாள். கொழுந்தன் குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"நான் சொன்னப்போ அது ஜோக்கு. தம்பி சொன்னா மூளையா?"

"யார் சொன்னா என்னம்மா, வேலை நடந்துச்சா இல்லையா?" என்றாள் மாமியார். "பாவம், பிள்ளை வெயில்ல மல்லாந்து படுத்து மாட்டியிருக்கான்."

அவள் பெட்டியைத் திறந்தாள். இந்த வேலையைப் பற்றி அவள் கேபிள் கடையில் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். கடைக்காரர் இரண்டு விஷயத்தை அழுத்திச் சொல்லியிருந்தார். கேபிள் பேட்டரியை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். கேபிள் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். இங்கே இரண்டுமே இல்லை. தரைத்தகட்டில் துளை போட்டு, அதன் கூரான விளிம்பை உரசியபடியே சிவப்புக் கேபிளைக் கீழே இறக்கியிருந்தான்.

"ஃப்யூஸ் எங்க?"

"அந்த சைஸ் கடையில இல்ல அண்ணி. வந்ததும் போட்டுடறேன்."

"அது வர்ற வரைக்கும் வண்டியை எடுக்க மாட்டேன்."

"ஹோட்டல்காரன் காலையிலேர்ந்து ஃபோன் மேல ஃபோன் போடுறான்," என்றான் கணவன். "முன்னாடி இருந்தப்போ மட்டும் ஃப்யூஸ் இருந்துச்சா?"

"முன்னாடி கேபிள் முழ நீளம். இப்ப வண்டி நீளத்துக்கு ஓடுது."

"நான் அக்கக்கா செக் பண்ணிட்டேன். ஒன்னும் ஆகாது. எழுந்து வந்ததும் வராததுமா சண்டை போடாத," என்றான் கணவன்.

காய்ச்சலில் கிடந்த உடம்பு, அதற்கு மேல் வாதாடத் தெம்பில்லை. ஏற்றிய லோடோடு கிளம்பினாள்.

பெரிய ரவுண்டானாவுக்கு முன்னால் சாலை குண்டும் குழியுமாக இருந்தது. ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியதும் டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரிந்தன. அடுத்து ரப்பர் கருகும் நாற்றம். கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து புகை.

வண்டியை ஓரங்கட்டி, சீட்டுக்கடியில் கிடந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். பெட்டியைச் சுற்றி வெள்ளை மூட்டைகள் அடைந்திருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிச் சாலையில் எறிந்தாள். துவைத்து மடித்த விரிப்புகள் புழுதியில் அவிழ்ந்து விழுந்தன. கீழே ஒருவன் அதை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். இன்னொருவர் வாளியோடு ஓடிவந்தார்.

"தண்ணி ஊத்தும்மா!"

"கரெண்டு! ஊத்தாதீங்க!"

பெட்டியைத் திறந்தாள். துளை விளிம்பில் கேபிளின் தோல் அறுந்து, செம்பு தகட்டைத் தொட்டுத் தொட்டுப் பொறி தள்ளியது. ஸ்பேனர் பாசிட்டிவ் பக்கம் படாமல் நெகட்டிவ் கவ்வியின் நட்டைத் திருகினாள். கவ்வி கொதித்தது. விரல் பொசுங்கப் பொசுங்க அதைப் பிடுங்கி எடுத்தாள். பொறி நின்றது. இறங்கி, படம் பிடித்துக்கொண்டிருந்தவனிடம் போய், "முடிஞ்சுதா? இல்ல, இன்னொரு தடவை பத்த வைக்கணுமா?" என்று கேட்டாள். அவன் ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நழுவினான்.

எறிந்த மூட்டைகளோடு, இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துத்தான் பிக்கப் வீடு வந்தது. கணவன் ஹோட்டல்காரனைச் சமாதானப்படுத்தப் போயிருந்தான். யாரிடமும் பேசாமல் அவளே கேபிளைக் கழற்றத் தொடங்கினாள். கோபத்தில் இருந்த பலத்தையெல்லாம் போட்டு முறுக்கியதில், கேபிள் முனையில் நன்றாயிருந்த லக் என்ற செம்பு வளையமும் இரண்டாக ஒடிந்தது. புது லக்கைக் கேபிளோடு நசுக்கிப் பூட்ட மெஷின் வேண்டும். அது கொழுந்தன் வேலை பார்க்கும் கடையில்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவனுக்கே ஃபோன் போட்டாள்.

மெஷினும், வேறு கடைகளில் அலைந்து தேடிப் பிடித்த ஃப்யூஸும், ரப்பர் வளையமும், புதுக் கேபிளுமாக அவன் வந்தான். அவள் விரலில் கட்டியிருந்த துணியைப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டான்.

"ஒரு உயிர் போயிருக்கும்டா. தெரியாத வேலைன்னா தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ரப்பர் போடாதது என் தப்பு அண்ணி. எனக்கு நிஜமா தோணல." அவன் கொஞ்ச நேரம் கேபிளின் தோலைச் சீவினான். "ஃப்யூஸுக்கு ரெண்டு நாள் பொறுங்கன்னு கேட்டேன். அண்ணன்தான், லோடு நிக்குது, அப்புறம் போட்டுக்கலாம், முடின்னாரு."

"செக் பண்ணிட்டேன்னாரே?"

"பெட்டியைத் திறந்துகூடப் பாக்கல." அவன் இன்னும் நிமிரவில்லை. "ஐடியாவும் என்னோடது இல்ல அண்ணி. அண்ணன்தான் கூப்பிட்டு மாத்தச் சொன்னாரு. அவ சொன்னது சரிதான், ஆனா ஒத்துக்கிட்டா தலைமேல ஏறி உக்காந்துக்குவா, உன் ஐடியான்னே இருக்கட்டும்னாரு."

காலையிலிருந்து இவன்மேல் திரண்டு நின்ற கோபம் அப்படியே கழன்று வேறு பக்கம் திரும்புவதை உணர்ந்தாள். "பிடி," என்று கேபிளின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு இருவரும் வேலைக்கு வேண்டிய சொற்களை மட்டும் பேசினார்கள். துளையின் விளிம்பை அரத்தால் ராவி, ரப்பர் வைத்து, கேபிளுக்குக் குழாய் மாட்டி, வண்டியின் அடிச்சட்டத்தோடு இறுக்கிக் கட்டி, கடைசியில் ஃப்யூஸைப் பூட்டினார்கள்.

கணவன் வந்தபோது மாமியாரும் வாசலில் நின்றாள்.

"கை எப்படி இருக்கு?" என்றான்.

"ஒத்துக்கிட்டா தலைமேல ஏறிக்குவேனா?"

அவன் தம்பியைப் பார்த்தான். தம்பி பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

"அது… சும்மா விளையாட்டுக்கு…"

"நான் சொன்னது சரின்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எல்லார் முன்னாடியும் தம்பி முதுகுல தட்டினீங்க. பாக்காததைப் பாத்தேன்னு பொய் சொல்லி என்னை ஓட்ட அனுப்பினீங்க. என் மேல உள்ள பயத்துக்கு என்னையே எரிக்கப் பாத்தீங்களா?"

"விடும்மா, ஒன்னும் ஆகலையே," என்று மாமியார் இழுத்தாள்.

"ஆயிருச்சு அத்தை." கட்டுப்போட்ட கையை நீட்டினாள்.

"சரி, தப்புதான்," என்றான் கணவன், தரையைப் பார்த்து.

"எது தப்பு?"

அவன் பெட்டியைப் பார்த்தான்.

"அழுக்கான மூட்டையெல்லாம் அங்க கிடக்கு," என்றாள். "மெஷின்ல போட்டா அந்தக் கறை போகாது. நீங்களே கையால துவைங்க. ஹோட்டலுக்கு மறுபடி ஃபோன் போட்டு நிஜமா ஏன் லேட்டுன்னு நீங்களே சொல்லுங்க. வண்டி கோளாறுன்னு சொல்லாதீங்க."

மறுநாள் அவன் துவைத்து மடித்த விரிப்புகளைக் கொழுந்தன்தான் ஏற்றினான். அவள் சாவியைத் திருகினாள். என்ஜின் ஒரே இழுப்பில் பிடித்தது. சலவைக்கூட வாசலில் சோப்பு நுரை படிந்த கைகளோடு நின்றிருந்த கணவன் அவள் பக்க ஜன்னலருகே வந்து ஏதோ சொல்லப் பார்த்தான். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டு கியரைப் போட்டாள்.