நூரைன் அழுதாள்

பெயர் அர்பாஸ். வயது இருபத்தாறு. அந்தப் பௌர்ணமி நாள் காலை பத்தரை மணிக்கு அவன் நின்றிருந்த இடம், திருவண்ணாமலைக்கு வெளியே செங்கம் சாலையில் போட்டிருந்த தற்காலிகப் பேருந்து நிலையம். பெங்களூரிலிருந்து வந்த வண்டி அதற்கு மேல் போகாது. சாலை முழுக்க கிரிவலக் கூட்டம்.

பெங்களூர் பீன்யாவில் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் இரவு ஷிப்டில் இருந்தவனை அம்மா வஜீதா விடிகாலையில் போனில் கூப்பிட்டிருந்தாள். "பொம்பளப் புள்ளப்பா. பொறந்துச்சு. ஆனா இல்லாமப் போச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மெஷின் எண்ணெய் அப்பிய சட்டையோடு அப்படியே பஸ் ஏறிவிட்டான். அஞ்சு மணி நேரம் கண்ணை மூடவில்லை. அழவும் இல்லை. ஏதோ கணக்கு இன்னும் முடியாதவன் மாதிரி விரலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டே வந்தான்.

மொஹ்சின் ஆட்டோவோடு காத்திருந்தான். இருவரும் பள்ளிக்கூட நாள் முதல் சிநேகிதர்கள்.

"ஏறு மச்சி. பின்னாடி சந்து வழியா பூந்து போய்டலாம். மெயின் ரோட்டுல போலீஸ் உடமாட்டான்."

"மெஹ்விஷ் எப்படிக்கீறா?" என்று மனைவியைப் பற்றிக் கேட்டான் அர்பாஸ்.

"பாபி நல்லாக்கீறாங்க. ஆனா ஆஸ்பத்திரியில ஒரே ரகளை. புள்ளயக் கையில வெச்சிக்கினு யார்கிட்டயும் தர மாட்டேன்றாங்க. உங்க சாச்சா வந்து ஒரு தரம் கத்திட்டுப் போனாரு. இப்ப ரெண்டாவது ரவுண்டு."

"எதுக்குக் கத்தறாரு?"

மொஹ்சின் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தான். "நீ போய்க் கேளு. நான் சொன்னா தப்பாப் பூடும்."

சாச்சா என்றால் ஜியாவுல்லா. அர்பாஸின் அப்பாவுக்குத் தம்பி, பள்ளிவாசல் ஜமாத்துக்குச் செயலாளர். அப்பா செத்தபோது அர்பாஸுக்குப் பதினோரு வயது. அதற்குப் பிறகு படிப்பு, நிக்காஹ், பெங்களூர் வேலை எல்லாமே சாச்சாவின் வாயிலிருந்து வந்த உத்தரவுதான். அவர் எதிரே அர்பாஸ் இதுவரை நாற்காலியில் உட்கார்ந்தது கிடையாது.

ஆஸ்பத்திரி சின்னது, மாடியோடு சேர்த்து எட்டுப் படுக்கை. படியேறும்போதே சாச்சாவின் குரல் கேட்டது.

"மௌத்தாகித்தான் பொறந்துச்சுன்னு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டான். பேப்பரப் பாரும்மா! அப்படிப் பொறந்த புள்ளக்கி ஜனாஸா தொழுக கெடையாது. குளிப்பாட்டி, துணியச் சுத்தி, அடக்கம் பண்றதுதான். இது நான் போட்ட சட்டம் இல்ல."

"பேப்பர் எழுதுனவருக்குக் காது இருந்துச்சா மாமா?" மெஹ்விஷின் குரல் கம்மியிருந்தது, ஆனால் தணியவில்லை. "என் பொண்ணு அழுதுச்சு. நான் கேட்டேன்."

விவகாரம் இதுதான். வயிற்றிலேயே இறந்து பிறந்த பிள்ளைக்கு, இறந்தவருக்காகத் தொழுகிற ஜனாஸா தொழுகை இல்லை. வெளியே வந்து ஒரே ஒரு தரம் அழுதுவிட்டு அடுத்த நிமிஷம் போய்விட்டாலும், அது உலகத்துக்கு வந்துபோன ஆள். மற்ற எல்லா மனுஷருக்கும் செய்வதுபோல் நின்று தொழுதுதான் அனுப்ப வேண்டும். ஒரு சின்ன அழுகை. அது நடந்ததா இல்லையா என்பதில்தான் எல்லாம் நின்றது.

அர்பாஸ் உள்ளே போனான். மெஹ்விஷ் சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் வெள்ளைத் துணி மூட்டை, தலையணை அளவுகூட இல்லை. அவனைப் பார்த்ததும் அவள் அழுவாள் என்று நினைத்தான். அவள் துணியை விலக்கி முகத்தைக் காட்டினாள். நெற்றி அவன் அம்மாவுடையது. மூக்கு மெஹ்விஷுடையது.

"நூரைன்" என்றாள். போனில் இருவருமாகச் சேர்ந்து வைத்திருந்த பெயர்.

சாச்சா அவன் தோளில் கை வைத்தார். "வந்துட்டியாப்பா. நீயே சொல்லு. மத்தியானம் லொஹர் தொழுதுட்டு ஓரமாக் குழி வெட்டி முடிச்சிடலாம். சாயங்காலம் ஆனா ஜனம் ஜாஸ்தியாயிடும், ரோட்டக் கடக்க முடியாது. அவ பச்ச ஒடம்புக்காரி, ஏதோ பேசறா. பொறும, சபூர் வேணாமா ஒரு பொம்பளக்கி? அல்லா ஏதோ ஒரு தப்புக்குத்தான் புடுங்கிக்கறான், அத நெனச்சுப் பாக்காம அவங்கிட்டயே மல்லுக்கு நிக்கலாமா?"

"இன்னா தப்பு?" என்றாள் மெஹ்விஷ். "சொல்லுங்க மாமா. நான் பண்ணதா, எட்டு நிமிஷம் இருந்த என் பொண்ணு பண்ணதா?"

"பாத்தியா வாய?"

"வாயி அல்லா குடுத்தது."

மூலையில் நின்றிருந்த நர்ஸ் அருணாதேவி குளுக்கோஸ் ஸ்டாண்டைச் சரி செய்கிற சாக்கில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அர்பாஸ் அவளிடம் திரும்பினான்.

"சிஸ்டர், நீங்க கூட இருந்தீங்களா? கொழந்த அழுதுச்சாங்க?"

அவள் வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "பொய் சொல்ல மாட்டேங்க. எனக்குக் கேக்கல. டாக்டரக் கூட்டியாரக் கீழ ஓடினேன். ரோட்டுல மைக்கு, ஜனங்க சத்தம். திரும்பி வந்தப்போ முடிஞ்சிடுச்சு. அத வெச்சுத்தான் டாக்டர் எழுதினாங்க." ஸ்டாண்டை விட்டுவிட்டு அவனை நேராகப் பார்த்தாள். "கேக்கலன்னுதான் சொல்றேன். அழலன்னு சொல்ல நான் யாருங்க?"

"கேட்டியா?" என்றார் சாச்சா. "சாட்சி இல்ல. முடிஞ்சிது."

அர்பாஸ் அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னான். அப்படி அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. சாச்சாவும் அதைக் கவனித்தார். கவனித்துக்கொண்டே வெளியே போனார்.

மெஹ்விஷ் கேட்டாள். "நீங்க நம்புறீங்களா?"

அவன் உண்மையைச் சொன்னான். "தெரியல மெஹ்விஷ். நான் இங்க இல்லியே."

"ஆமா. நீங்க இல்ல. உங்கம்மாவ உள்ள உடல. சிஸ்டரும் கீழ போய்ட்டாங்க. பாவம், தனியாக் கெடந்தான்னு எல்லாரும் சொல்றாங்க." அவள் குழந்தையின் நெற்றியைத் துணியால் ஒற்றினாள். "நான் தனியா இல்லைங்க. அல்லா இருந்தான். எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. நான் அவன்கிட்ட சண்ட போட்டேன். குடுத்துட்டு ஏன்டா எடுக்கிறேன்னு திட்டினேன், வாய்க்கு வந்தபடி. அவன் பதில் சொல்லல. ஆனா என்ன உட்டுட்டுப் போகவும் இல்ல. அப்பத்தான் இவ அழுதா. பூனக்குட்டி கத்தற மாதிரி, ரெண்டு தரம். செவுத்துக் கடியாரத்துல எட்டு நிமிஷம் இருந்தா. அந்த ரூம்ல கேட்டது ரெண்டே பேரு. ஒண்ணு நானு. இன்னொரு சாட்சிய உங்க சாச்சா கூப்ட்டு விசாரிக்கட்டும்."

அர்பாஸ் கட்டிலோரம் உட்கார்ந்தான்.

"என்னால கபரஸ்தானுக்கு வர முடியாது" என்றாள். "தொழுது அடக்கம் பண்றேன்னு நீங்க சொல்லுங்க. சொன்னாத் தரேன். இல்லன்னா இவ இங்கயேதான் இருப்பா. போலீஸ் வரட்டும்."

பிள்ளையின் கையை அவன் தொட்டுப் பார்த்தான். நகம் முழுசாக வளர்ந்திருந்தது. பத்து மாதம் இவளைச் சுமந்தவள், யாரும் இல்லாத அறையில் பெற்றவள், அழுததைக் கேட்டேன் என்கிறாள். எழுதினவரோ அந்த நேரத்தில் அறையிலேயே இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவனுக்கே ஆச்சரியமாகிவிட்டது.

"தொழறேன்" என்றான்.

வஜீதா வெந்நீர் கொண்டுவரச் சொன்னாள். பேத்தியை அவளே குளிப்பாட்டினாள். அவசரப்படவில்லை. பெரிய மனுஷிக்குச் செய்கிற முறையில், வலப்பக்கம் முதலில், இடப்பக்கம் அடுத்து என்று ஒன்றும் குறையாமல் செய்து, கற்பூரம் தொட்டு, துணி சுற்றினாள். சாச்சா எட்டிப் பார்த்து, "அண்ணி, இவ்ளோ எதுக்கு?" என்றார்.

"நீ கொஞ்சம் அப்பால நில்லுப்பா. தண்ணி தெறிக்கும்" என்றாள் அவள்.

வெளியே சாச்சா கடைசியாகச் சொல்லிப் பார்த்தார். "தொழ வெக்கற ஹஸ்ரத் ஊர்ல இல்ல, வேலூர் போய்க்கிறாரு. நான் ஜமாத்த அனுப்ப மாட்டேன். யாரு தொழ வெப்பா?"

"நான் வெக்கறேன் சாச்சா. தகப்பனுக்கு அந்த உரிம உண்டு."

"உனக்குத் துவா முழுசாத் தெரியுமா?"

"தெரியாது."

"சிரிப்பாங்கடா."

"சிரிக்கட்டும். நீங்க சொன்ன எல்லாத்தையும் கேட்டுக்கினு வந்தேன். இத மட்டும் கேக்க மாட்டேன்."

சாச்சா ஆஸ்பத்திரிப் பேப்பரை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அடக்கம் செய்கிற கபரஸ்தான் கிரிவலப் பாதைக்கு அந்தப் பக்கம். மொஹ்சினின் ஆட்டோ பாதைவரைதான் வந்தது. தடுப்புக் கட்டையைத் தாண்டி வண்டி போகக்கூடாது. அர்பாஸ் இறங்கி, பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தான். வெறுங்காலோடு ஆயிரக்கணக்கான பேர் ஒரே பக்கமாக நடந்துகொண்டிருந்தார்கள். இவன் ஒருவன் குறுக்கே போனான். "அரோகரா" என்று ஒரு பக்கம் எழுந்த குரல் அடுத்த பக்கம் போய்ச் சேர்ந்தது. யாரோ மோர்ப் பந்தலிலிருந்து டம்ளரை நீட்டினார்கள். மொஹ்சின் பின்னாலேயே, "கொஞ்சம் வழி உடுங்க, வழி உடுங்க" என்று கத்திக்கொண்டு வந்தான்.

மூச்சு வாங்க நடந்துவந்த ஓர் அம்மா அவனை நிறுத்தினாள். நெற்றி நிறையத் திருநீறு. "ஏம்பா, உச்சி வெயிலு. கொழந்த மூஞ்சில படுது பாரு. நல்லா மூடிக்கோ. தூங்குதா?"

"ஆமாங்க."

"பேரு இன்னா?"

அவன் அந்தப் பெயரை வெளியாள் ஒருவரிடம் சொன்னதே இல்லை. "நூரைன்."

"நல்லா இருக்கணும் நூரைனு" என்று அவள் துணியின் மேல் விரலை வைத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகுதான் துணியின் வெண்மையையும் அவன் முகத்தையும் பார்த்தாள். புரிந்துகொண்டாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை. திரும்பி, வருகிற கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் அகல விரித்து நின்றாள். "தே, நில்லுங்கப்பா! ஒரு நிமிஷம் நின்னா சாமி எங்கயும் ஓடிப் பூடாது!"

கூட்டம் நின்றது. அர்பாஸ் கடந்தான்.

கபரஸ்தானில் குழி தயாராக இருந்தது. ஓரமாக இல்லை. மொஹ்சின் காலையிலேயே சொல்லி, அர்பாஸின் அப்பா கபருக்குப் பக்கத்தில் வெட்டவைத்திருந்தான். குழி வெட்டினவர் கை கழுவிவிட்டு வந்து நின்றார். ஆக வரிசையில் இரண்டு பேர், முன்னால் அர்பாஸ். சாச்சாவும் வந்திருந்தார். ஆனால் வேப்ப மரத்தடியில், செருப்பைக் கழற்றாமல், கையில் அந்த ஆஸ்பத்திரிப் பேப்பரோடு நின்றார்.

"அர்பாஸ், இது மார்க்கத்துல தப்பாப் போனா?"

"அப்போ மறுமையில நான் பதில் சொல்லிக்கறேன் சாச்சா. நான் நம்புனேன், தொழுதேன்னு சொல்றேன். தொழாம உட்டு அது தப்பாப் போனா, அவகிட்ட யாரு பதில் சொல்றது?"

அவன் கைகளைக் காதுவரை உயர்த்தி, அல்லாஹு அக்பர் என்று முதல் தக்பீர் சொன்னான். குரல் நடுங்கியது. இரண்டாவதில் நடுக்கம் கொஞ்சம் நின்றது. மூன்றாவது தக்பீருக்குப் பிறகு பிள்ளைக்கான துவா ஓத வேண்டும். அரபியில் முதல் வரி வந்தது. இரண்டாவது வரவில்லை. பின்னால் மொஹ்சின் செருமினான். அவனுக்கும் தெரியாது.

அர்பாஸ் கண்ணை மூடினான். காலையிலிருந்து நெஞ்சுக்குள் இறுகியிருந்த ஏதோ ஒன்று பிடி விட்டது. வாயைத் திறக்காமல் மனசுக்குள் சொன்னான். யா அல்லா, நீ அந்த ரூம்ல இருந்தே. அவ சொல்றா. நான் இல்ல, நீ இருந்தே. எம் பொண்ணு அழுததக் கேட்டே. எனக்கு அரபி மறந்துபோச்சு, உனக்குத் தமிழ் புரியும். இவளக் கையில வாங்கிக்கோ. அம்புட்டுதான். மத்ததுக்கெல்லாம் உங்கிட்ட நான் அப்பறம் சண்டைக்கு வரேன்.

பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் மெஹ்விஷ் சொன்னது என்ன என்று அந்த நிமிஷம் அவனுக்குத் தெரிந்தது. யாரோ விட்டுவிட்டுப் போகாமல் இருந்தார்கள். துக்கம் ஒரு அணுவும் குறையவில்லை. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவன் தான் ஒருவன் மட்டும் இல்லை என்று தெரிந்ததும் கால்கள் உறுதியாக ஊன்றின. நாலாவது தக்பீர் மரத்தடிவரை கேட்கிற மாதிரி வந்தது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பியபோது சாச்சா போயிருந்தார். மண் போட வரவில்லை. இன்றுவரை அர்பாஸிடம் அவர் பேசவும் இல்லை. பெங்களூருக்குக் கிளம்பும் முன் ஸலாம் சொல்லப் போனபோது, உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். அர்பாஸ் வாசலிலிருந்தே உரக்க ஸலாம் சொல்லிவிட்டு வந்தான்.

தெருவில் இன்னும் சிலர் "அந்த மௌத்தாப் பொறந்த புள்ள" என்றுதான் சொல்கிறார்கள். மெஹ்விஷ் ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு வந்து திருத்துகிறாள். "பேரு நூரைன். எட்டு நிமிஷம் இருந்தா. ரெண்டு தரம் அழுதா. தொழுதுதான் அனுப்புனோம்." அதைச் சொல்ல அவள் அலுத்துக்கொள்வதில்லை.

இதைப் படிக்கிறவர் நம் ஜமாத்து ஆளாக இருந்தாலும் சரி, வேறு யாராக இருந்தாலும் சரி, ஒன்றே ஒன்று செய்யுங்கள். இன்றைக்கு நீங்கள் உங்கள் சாமியிடம் நிற்கும்போது, அர்பாஸ் மெஹ்விஷ் மகள் நூரைன் என்று பெயர் சொல்லி ஒரு தரம் வேண்டிக்கொள்ளுங்கள்.