இன்னொரு கியர்

முதலே சொல்லிப்போடுறன். எனக்கும் றஜிந்தனுக்கும் இடையிலை காதலுமில்லை, கத்தரிக்காயுமில்லை. ஞாயிற்றுக்கிழமையிலை ஒண்டாப் பைக் ஓடுற ஆக்கள், அவ்வளவுதான். ஊர் என்ன கதைச்சாலும் கதைக்கட்டும். என்ரை கவலை வேறை.

நாங்கள் ஏழு பேர். ஆறு ஆம்பிளையள், நான் ஒருத்தி. பேர் ஆரணி, ஊர் உரும்பிராய். கிழமை நாளிலை ஸ்கூட்டியிலை கந்தோர் வேலைக்குப் போய்வாற அடக்கமான பிள்ளை. ஞாயிறு விடிய, கொம்பியூட்டர் வகுப்பு எண்டு வீட்டிலை புளுகிப்போட்டு பஞ்சலிங்கம் அண்ணை வீட்டை போய், அங்கை ஒளிச்சு வைச்சிருக்கிற என்ரை யமஹாவை எடுப்பன். எங்களுக்குள்ளை மூத்தவர் பஞ்சலிங்கம் அண்ணை. தபால் கந்தோரிலை இருந்து பென்சன் எடுத்த மனுசன். வயிறு பெற்றோல் டாங்கியிலை முட்டும், எண்டாலும் வளைவிலை அவரை ஒருத்தரும் எட்டிப் பிடிக்கேலாது.

எங்களிட்டை ஒரு பழக்கம் இருக்கு. கீரிமலையடியிலை தேத்தண்ணி குடிச்சு முடிய, எல்லாரும் தங்கடை பைக் திறப்பை அண்ணையின்ரை ஹெல்மெற்றுக்குள்ளை போடோணும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு திறப்பு எடுக்கோணும். காங்கேசன்துறை தாண்டி மயிலிட்டி வரை போய்த் திரும்பி வாறவரைக்கும், கையிலை வந்த திறப்பின்ரை பைக் தான் உன்ரை பைக். அதுக்கு ஒரு சட்டமும் இருக்கு. குடுத்தவன் தான் பொறுப்பு. விழுந்தாலும் முறிஞ்சாலும், ஓடினது ஆர் எண்டு வெளியிலை மூச்சு விடக்கூடாது. உந்தச் சட்டம் இல்லாட்டி ஒருத்தனும் திறப்பைப் போடமாட்டான்.

அண்டைக்கு என்ரை கையிலை வந்தது றஜிந்தன்ரை ஹோர்னெட்.

மற்றவையின்ரை பைக் எல்லாம் ஒரு சிலிண்டர். இது நாலு சிலிண்டர், ஜப்பானிலை இருந்து வந்த பழசு. முறுக்கினால் கத்தும் பாருங்கோ, ஐயோ, அந்தச் சத்தம்! குடாநாட்டிலை அப்பிடி ஒண்டுதான் ஓடுது எண்டு நாங்கள் எல்லாரும் சேர்ந்து பெருமை அடிக்கிறனாங்கள். ஆனால் அந்தப் பாவப்பட்ட பைக்குக்கு ஒரு வருசமாத் தொண்டை திறக்கக் குடுத்து வைக்கேல்லை. றஜிந்தன் அறுபதுக்கு மேலை ஓடமாட்டான், திறப்பு ஆற்றை கையிலை போனாலும் ஓடவும் விடமாட்டான்.

ஏனெண்டால் அவனுக்குக் கலியாணம் பேசியிருந்தது. அவன் குருநகரிலை போட் எஞ்சின் திருத்திறவன். பொம்பிளை றெஜினா, மயிலிட்டி. அவளின்ரை தகப்பன் சந்தியோகு இரண்டு போட் வைச்சிருக்கிற மனுசன். றெஜினாவுக்கு லெனாட் எண்டு ஒரு அண்ணன் இருந்தவர். வல்லை வெளியிலை, லைற் இல்லாமல் நிண்ட உழவு மெசின் இழுக்கிற பெட்டியிலை பைக்கோடை போய் அடிபட்டு அந்த இடத்திலையே முடிஞ்சு போனார். அதுக்குப் பிறகு பேசி வந்த சம்பந்தம் இது. சந்தியோகர் மாதா கோயிலுக்குள்ளை வைச்சு றஜிந்தனிட்டைச் சத்தியம் வேண்டினவர். "பைக்கை விக்கச் சொல்ல மாட்டன் தம்பி. ஆனா நீ ஒருக்கா வேகமா ஓடினாய் எண்டு அறிஞ்சாலும், என்ரை பிள்ளை உனக்கில்லை." றஜிந்தன் சத்தியம் பண்ணினான். பண்ணினபடியே நிண்டான். நாங்கள் தான் அவனைப் போட்டு வறுத்து எடுப்பம். "என்ன றஜி, பிரேதத்துக்குப் பின்னாலை போறீரோ?" எண்டு கேப்பன். அவன் சிரிப்பான்.

திறப்பை என்ரை கையிலை கண்டவுடனை அவன் கிட்ட வந்தான். "ஆரணி, மெல்லமா ஓடும் என்ன? மயிலிட்டிக்குள்ளை மெல்லமா."

"ஓம் ஓம், தெரியும்," எண்டன்.

தெரியும் தான். எல்லாம் தெரியும். காங்கேசன்துறை தாண்டினவுடனை காப்பற் றோட்டு நேரா விழுந்து கிடந்தது. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கூரையில்லாத வீடுகள், றோட்டிலை ஒரு ஆடு கூட இல்லை. நான் முதல் அறுபதிலை தான் போனன், சத்தியமா. கைக்குக் கீழை அந்த எஞ்சின் அடக்கி வைச்ச சிரிப்பு மாதிரித் துடிச்சுக்கொண்டு நிண்டது. கொஞ்சம் தொட்டுப் பாப்பம் எண்டு முறுக்கினன். எண்பது. இன்னொரு கியர். நூறு. அதுக்குப் பிறகு நான் வேகம் காட்டுற முள்ளைப் பாக்கேல்லை. பாத்தால் நிப்பாட்டோணும் எண்டு தெரிஞ்சுதான் பாக்கேல்லை. ஹெல்மெற்றுக்குள்ளை வாய்விட்டுக் கத்தினன், மயிலிட்டிச் சந்தியாலை கத்திக்கொண்டே போனன்.

அந்த நேரம் பார்த்துத்தான் பூசை முடிஞ்சு சனம் வெளியிலை வந்திருக்கு.

கத்தோலிக்கரிலை கலியாணத்துக்கு முன்னம் மூண்டு ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் எண்டு கோயிலிலை வாசிப்பினம். அண்டைக்கு றஜிந்தன் றெஜினாவின்ரை பேர் இரண்டாந்தரம் வாசிச்சவை. சந்தியோகருக்கு ஆக்கள் கைகுடுத்துக்கொண்டு நிண்டிருக்கினம். அப்பத்தான் மருமேன்ரை பைக் கோயில் மதிலாலை கத்திக்கொண்டு போயிருக்கு. எங்கடை ஊர்களிலை ஆளைப் பார்க்கத் தேவையில்லை. அப்பா வயலாலை வாறதை அம்மா குசினிக்குள்ளை நிண்டே சந்தியிலை கேக்கிற பைக் சத்தத்திலை சொல்லுவா. பைக் ஆற்றையோ, போறது அவர் தான். நாங்கள் எல்லாரும் போடுறது ஒரே கறுத்த ஜக்கெற், முகம் மூடின ஹெல்மெற். இவ்வளவும் தெரிஞ்சு வைச்சுக்கொண்டு முறுக்கின என்னை விசரி எண்டு சொல்லாமல் என்னெண்டு சொல்லுறது?

திங்கட்கிழமை பஞ்சலிங்கம் அண்ணை ரெலிபோன் எடுத்தார். "பிள்ளை, விசயம் பிழைச்சுப் போச்சு. மூண்டாந்தரம் வாசிக்க வேண்டாமெண்டு சந்தியோகர் பங்குச் சுவாமியிட்டைச் சொல்லிப்போட்டாராம். சனிக்கிழமை வரைக்கும் யோசியுங்கோ எண்டு சுவாமி சொல்லியிருக்கிறாராம்."

"றஜி என்ன சொன்னவனாம்?"

"நான் ஓடேல்லை மாமா எண்டவனாம். அப்ப ஆர் ஓடினது எண்டு கேக்க வாயே திறக்கேல்லையாம். பைக்கையும் திறப்பையும் சந்தியோகர் வீட்டிலையே குடுத்துப்போட்டு பஸ்ஸிலை வந்திருக்கிறான்."

நான் உடனை றஜிந்தனுக்கு ரெலிபோன் அடிச்சன். எனக்குக் கோவம் தான் முதல் வந்தது, வெக்கக்கேடு. "ஏன் என்ரை பேரைச் சொல்லேல்லை? பெரிய தியாகியோ நீர்?"

"ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ரை பேரை நான் அங்கை எடுக்கமாட்டன். உம்மடை வீட்டிலையும் தெரியாது. குடுத்தவன் தான் பொறுப்பு. விடும்."

"றெஜினா?"

"அவள் என்ரை கோலை எடுக்கிறாளில்லை," எண்டுபோட்டு வைச்சிட்டான்.

வெட்கத்தை விட்டுச் சொல்லுறன், செவ்வாயும் போகேல்லை, புதனும் போகேல்லை. அவன்ரை மாமன் மூர்க்கன், அதுக்கு நான் என்ன செய்ய எண்டு எனக்குள்ளையே வழக்காடினன். அப்பா அறிஞ்சால் என்ன நடக்கும் எண்டு பயந்தன். ஏன் பிள்ளை முகம் வாடிக் கிடக்கு எண்டு அம்மா கேட்டா, அவவோடையும் சண்டை பிடிச்சன். ஒருத்தன்ரை வாழ்க்கையை மிதிச்சுப்போட்டு, சட்டம் இருக்குத்தானே எண்டு சட்டத்துக்குப் பின்னாலை ஒளிச்சிருக்கிறன் எண்டு எனக்கு வடிவாத் தெரிஞ்சது. வெள்ளிக்கிழமை கந்தோருக்கு அரைநாள் லீவு போட்டுட்டு ஸ்கூட்டியை மயிலிட்டிக்கு விட்டன்.

சந்தியோகர் வீட்டுக்கு முன்னாலை முத்தத்திலை வலை காயப்போட்டுக்கொண்டு நிண்டார். மெலிஞ்ச மனுசன். றெஜினா கதிரை கொண்டந்து வைச்சாள், கண் வீங்கிக் கிடந்தது. நான் இருக்கேல்லை. நிண்டபடியே சொன்னன். "ஐயா, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பைக்கை ஓடினது நான். றஜிந்தன் பின்னாலை வேறை பைக்கிலை வந்தவர். அவர் சத்தியம் முறிக்கேல்லை."

அவர் என்னை மேலும் கீழும் பாத்தார். பிறகு சிரிச்சார். "உம்மை ஆர் பிள்ளை அனுப்பினது?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை."

"அந்தப் பைக்கை நீர் ஓடினீரோ? ஆருக்குப் பேய்க்கதை கதைக்கிறீர்? ஒரு பொம்பிளையைப் பிடிச்சுப் பொய் சொல்ல அனுப்பியிருக்கிறான் எண்டால் அவன் எப்பிடிப்பட்டவன்?" குரல் ஏறிச்சுது. "நீர் அவனுக்கு ஆர்? அதைச் சொல்லும் முதல்."

எனக்குப் பின்னாலை றெஜினா "அப்பா" எண்டாள். திரும்பிப் பாத்தன். அவளின்ரை முகம் போன போக்கிலை, அவளும் அதையேதான் நினைக்கிறாள் எண்டு தெரிஞ்சது. உள்ளதைச் சொல்ல வந்து, இருந்த கொஞ்சத்தையும் கெடுத்துப்போட்டன்.

"ஐயா, பைக் எங்கை? திறப்பைத் தாங்கோ," எண்டன்.

பைக் மாமரத்துக்குக் கீழை படங்காலை மூடிக் கிடந்தது. அவர் உள்ளை போய்த் திறப்பை எடுத்து வந்து கையிலை தந்தார். "அண்டைக்குப் போன மாதிரிப் போம். அதே சத்தம் எனக்குக் கேக்கோணும். கேட்டால் நம்பிறன்."

இரண்டு பேரும் கோயில் மதிலடிக்கு வந்து நிண்டிச்சினம். நான் துறைமுகப் பக்கம் வரைக்கும் மெல்லமாப் போய்த் திருப்பினன். பின்னேரம் நாலு மணி, றோட்டு வெறிச்சோடிக் கிடந்தது. சத்தம் கேக்கிற அளவுக்கு முறுக்கிக் காட்டிப்போட்டு நிப்பாட்டிறது, அதுதான் என்ரை நினைப்பு. கடவுளுக்குப் பொதுவாச் சொல்லுறன், அதுதான் நினைப்பு.

முறுக்கினன். மூண்டாம் கியரிலை எஞ்சின் கத்தத் தொடங்கிச்சுது. தூரத்திலை சந்தியோகர் இரண்டு கையையும் தூக்கினதைக் கண்டன். போதும், நிப்பாட்டு எண்டு கையை ஆட்டினார். வடிவாக் கண்டன். றெஜினா அவரைத் தாங்கிப் பிடிச்சதையும் கண்டன். காத்து நெஞ்சிலை வந்து அடிக்குது, எஞ்சின் இன்னும் தா, இன்னும் தா எண்டு கேக்குது. இன்னொரு கியர் போட்டால் என்ன எண்டு மனம் சொல்லிச்சுது. போட்டன். அவையைத் தாண்டிப் போனன். பயந்து பயந்து இஞ்சை வந்தவள், அந்த ஒரு நிமிசத்திலை சிரிச்சுக்கொண்டு போனன்.

திரும்பி வரேக்கை சந்தியோகர் மதிலடி மதகுக் கட்டிலை காதைப் பொத்திக்கொண்டு இருந்தார். நான் ஹெல்மெற்றைக் கழட்டினன். அவர் தலையை நிமித்தாமலே சொன்னார்.

"நம்பிறன். கலியாணம் நடக்கும். நாளைக்குச் சுவாமியிட்டைப் போய்ச் சொல்லுறன்."

றெஜினா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு உசிர் வந்தது. பைக்கை நிப்பாட்டித் திறப்பை நீட்டினன். அவர் வேண்டேல்லை.

"நான் கை காட்டினனான். கண்டனியோ?"

காணேல்லை எண்டு சொல்லியிருக்கலாம். ஹெல்மெற், காத்து, தூரம் எண்டு ஆயிரம் சாட்டு இருந்தது. அவர் நம்பியிருப்பார்.

"கண்டனான் ஐயா."

"கண்டும் நிக்கேல்லை."

"ஓம்."

அவர் இப்பத்தான் என்னை நிமிந்து பாத்தார். அதிலை கோவம் இல்லை. "லெனாட்டும் அண்டைக்கு வெளிக்கிடேக்கை நான் கேற்றடியிலை நிண்டு கை காட்டினனான். மழை இருட்டுது, போகாதை எண்டு. திரும்பிப் பாத்தவன். பாத்துப்போட்டுத்தான் போனவன்." "பெத்த தகப்பன் மறிக்க, அதையும் தாண்டிப் போக அதுக்குள்ளை என்ன கிடக்கு? அவனிட்டைக் கேக்கக் கிடைக்கேல்லை. நீ சொல்லு பிள்ளை."

நல்லதாய் ஒண்டு சோடிச்சுச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை.

"ஒண்டுமில்லை ஐயா. நல்லா இருக்கும், அவ்வளவுதான். அந்த நேரம் கை காட்டுறது ஆர் எண்டே மனசிலை நிக்காது. அப்பாவெண்டாலும் நிக்காது."

"பயந்திருப்பானோ?"

"இல்லை ஐயா. சந்தோசமாத்தான் இருந்திருப்பார்."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். கண்ணாலை ஓடினதைத் துடைக்கவும் இல்லை. பிறகு றெஜினாவின்ரை தோளைப் பிடிச்சு எழும்பி, எனக்குக் கிட்ட வந்து, என்ரை தலையிலை கையை வைச்சார். கன்னத்தைப் பொத்தி ஒரு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பன். அந்தக் கையைத் தாங்கேலாமல் நடுறோட்டிலை குந்தியிருந்து குழறினன்.