அறுநூற்றுப் பதினொரு பூஜ்யங்களும் ஒரு பேட்ஜும்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. என் நாத்தனாரிடமிருந்து சுட்டது. மொட்டை மாடியில் ஒரு கனமான போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தபோது அவள் இதைச் சொன்னாள். சொல்லி முடித்த கையோடு, "அண்ணி, இதை எங்கேயும் எழுதித் தொலைச்சிடாதீங்க" என்றாள். எழுதுகிறவளிடம் போய் அப்படிச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கீழே வந்து நோட்டைத் திறந்தேன்.

நாத்தனாருக்கு ஓர் அணு நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை. அங்கே உள்ளே போகிற ஒவ்வொருவரும் சட்டைப் பையில் தீப்பெட்டி அளவு பேட்ஜ் ஒன்றைக் குத்தியிருக்க வேண்டும். தன்மேல் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அந்தப் பேட்ஜ் நினைவு வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பேட்ஜும் இவளிடம் வரும். ஒவ்வொன்றாகக் கருவியில் செருகி, திரையில் வரும் எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவாள். தொழிலாளிகள் அவளை 'ரீடிங் அக்கா' என்பார்கள். கதையிலும் அதுவே இருக்கட்டும். நாளைக்குக் குடும்பத்தில் ரகளை வந்தால், "ஐயோ, அது நீ இல்லையே" என்று சாதித்துவிடலாம்.

2

ஆரம்பம், முதல் முயற்சி: கண்ணுக்குத் தெரியாத மரணம் ஒன்று அந்த நகரத்தின்மேல் மெல்ல மெல்லக்—

வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே மூன்றாவது வரியில் மூடி வைத்துவிடுவேன்.

இரண்டாவது முயற்சி: ரீடிங் அக்காவின் கண்களில் ஆழ்ந்த ஒரு—

அவள் கண்ணில் ஆழமும் இல்லை, மண்ணும் இல்லை. வெள்ளெழுத்துதான். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிற ரகம்.

மூன்றாவது: ஒரு மொட்டைக் கடிதம் வந்தது.

இது தேவலை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. நிலையத்தின் பழைய கூடத்தை இடித்தபோது, கதிர்வீச்சு ஏறிய கான்கிரீட் துண்டுகள் லாரி லாரியாக வந்தன. அவற்றை டிரம்மில் அடைத்து, சீல் வைத்து, பூமிக்கு அடியில் உள்ள காப்பறையில் வைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல், ஊழியர் குடியிருப்பின் கடைசி வரிசை வீடுகளுக்கு அஸ்திவாரத்தில் கொட்டி மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். இதுதான் கடிதத்தின் சாரம்.

உடனே ஒரு விசாரணைக் குழு. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அடுத்தவர் நிபுணர், இதே நிலையத்தில் இருபது வருடம் பெரிய பதவியில் இருந்தவர், ஆகவே நடுநிலையாளர். மூன்றாவதாக ஓர் உறுப்பினர் உண்டு. அவர் கையெழுத்துப் போட வருவார்.

முதல் மூன்று அமர்வுகளும் அந்தக் கடிதத்தை எழுதியது யார் என்று கண்டுபிடிப்பதில் போயின. நான்காவது அமர்வில் காப்பறைக்குப் போய் டிரம்களை எண்ணினார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஒன்றைத் திறந்து பார்க்கலாமா என்று தலைவர் கேட்க, திறந்தால் ஆபத்து என்றார் நிபுணர். ஆகவே தட்டிப் பார்த்தார்கள். சத்தம் திருப்திகரமாக இருந்தது என்று குறிப்பில் பதிவாகியிருக்கிறது. (இதை நான் கட்டிவிட்டதாக நினைப்பீர்கள். நான் கட்டியிருந்தால் இன்னும் நம்புகிற மாதிரி கட்டியிருப்பேன்.)

அந்த வீடுகளில் அளந்து பார்த்தார்களா என்றால், இல்லை. குழுவுக்கு இட்ட வேலை கழிவை விசாரிப்பது. அங்கே இருப்பவை வீடுகள்.

4

அந்தச் சமயத்தில்தான் காலாண்டு பேட்ஜுகள் ரீடிங் அக்காவிடம் வந்து சேர்ந்தன. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. செருகினாள், பூஜ்யம். செருகினாள், பூஜ்யம். நூறு தாண்டியும் பூஜ்யம், முந்நூறு தாண்டியும் பூஜ்யம்.

அவளுக்கு இது புதிதில்லை. அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டால் அந்த ஆளை மூன்று மாதத்துக்கு உள்ளே விடமாட்டார்கள். உள்ளே விடாவிட்டால் வேலை கிடையாது. ஆகவே சூப்பர்வைசரே வாசலில் நின்று, "பேட்ஜைக் கழட்டி வெச்சிட்டுப் போங்கப்பா" என்று சொல்லிவிடுவார். மனிதர்கள் உள்ளே போய் வெந்துகொண்டிருப்பார்கள், பேட்ஜுகள் வெளியே லாக்கரில் ஓய்வெடுக்கும். அந்த நிலையத்திலேயே நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவை பேட்ஜுகள்தான். ரீடிங் அக்காவுக்கு இது தெரியும். தெரிந்தே பதினான்கு வருடம் பூஜ்யம் ஏற்றியிருக்கிறாள். (கதாநாயகியாயிற்றே, இதை மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். நாத்தனாரும் ஆயிற்றே என்று விட்டுவிட்டேன்.)

நானூற்றுப் பதினேழாவது பேட்ஜைச் செருகியதும் கருவி கத்த ஆரம்பித்தது. திரையில், அனுமதித்த அளவைப் போல நான்கு மடங்கு. கருவியைச் சோதிப்பதற்கென்று வைத்திருக்கும் மாதிரி பேட்ஜை எடுத்துச் செருகினாள். கருவி அதைச் சரியாகவே சொன்னது. கோளாறு ஒன்றும் இல்லை. பேட்ஜ் யாருடையது என்று பதிவேட்டைப் பார்த்து ஆள் அனுப்பினாள்.

5

வந்தவன் ஒரு வெல்டர். முப்பது வயதுக்குள்.

(முதல் பிரதியில் அவனைக் கோபக்காரனாக எழுதியிருந்தேன். மேசையைக் குத்தினான், முதலாளித்துவம் என்றான். பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு நன்றாகப் பேசத் தெரிந்தவன் எதற்கு வெல்டராக இருக்கிறான், என்னைப் போல வீட்டில் உட்கார்ந்து எழுதலாமே. அடித்துவிட்டேன்.)

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"இதைப் போட்டுக்கிட்டு எந்த ஹால்ல வேலை பார்த்தே தம்பி?"

"நான் போடவே இல்லக்கா."

"அப்போ லாக்கர்லயா இருந்துச்சு?"

"என் லாக்கர் பூட்டு உடைஞ்சு மூணு மாசமாச்சு, மாத்தித் தரல. பேட்ஜ் தொலைஞ்சா வம்பாச்சேன்னு ஒரு பழைய சட்டையில குத்தி வீட்டுல ஆணியில மாட்டிட்டேன். இங்க ஒப்படைக்கிற வரைக்கும் அங்கதான் தொங்குச்சு."

"எந்த ரூம்ல?"

"உள் ரூம்ல. பாப்பா படுக்குற கட்டிலுக்கு மேல."

ரீடிங் அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "குடியிருப்பு வீடா?"

"ஆமாக்கா. கடைசி வரிசை."

"பாப்பாவுக்கு என்ன வயசு?"

"வர்ற மாசம் ரெண்டு முடியுது."

வெல்டரின் பயம் வேறு திசையில் இருந்தது. பேட்ஜை வீட்டுக்குக் கொண்டுபோவது குற்றம். தெரிந்தால் அன்றைக்கே வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள். "மெஷின் கெட்டுப்போச்சுன்னு எழுதிடுங்கக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பேட்ஜை விடு. நான் சொல்றதைக் கேளு. உன் வீட்டுத் தரையே சரியில்லை. இன்னைக்கே பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துடு."

"எங்கக்கா வர்றது? வேலை இருக்குற வரைக்கும்தான் அந்த வீடு. எனக்கும் என் பொண்டாட்டிக்கும் சொல்லிக்கிற மாதிரி யாரும் கிடையாது." நாற்காலியிலிருந்து எழுந்தான். "பாப்பா நல்லாத்தான் இருக்கா. கொஞ்சம் சளி. அவ்வளவுதான்."

உண்மையை எழுதினால் இவனுக்கு வேலை போகும், வேலையோடு வீடு போகும், குழந்தை தெருவுக்கு வரும். பொய்யை எழுதினால் குழந்தை அந்தத் தரைமேலேயே தூங்கும். இந்த முடிச்சைப் போட்டது நான் என்று பாராட்டிவிடாதீர்கள். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது.

6

நான்கு மடங்கு காட்டிய பேட்ஜின் சேதி எட்டியதும் குழு ரீடிங் அக்காவைக் கூப்பிட்டது.

"கருவிக் கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்கம்மா" என்றார் நிபுணர்.

வெல்டரும் அதைத்தானே கேட்டான் என்று நினைத்துக்கொண்டாள். "எழுதிடலாம் சார். ஆனா கருவி கோளாறுன்னா மத்த அறுநூத்திப் பதினொண்ணும் செல்லாது. அதே கருவி, அதே நாள். எல்லாரையும் திரும்ப அளக்கணும். விதி அப்படி."

தலைவர் டீ கோப்பையைக் கீழே வைத்தார். அறிக்கையின் முதல் பக்கத்தில், எந்தப் பணியாளருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை என்று ஏற்கெனவே டைப் ஆகியிருந்தது. அந்த வாக்கியம் நிற்பது அறுநூற்றுப் பதினொரு பூஜ்யங்களின் மேல்.

"அந்த ஒரு பேட்ஜுக்கு மட்டும் கோளாறுன்னு போட முடியாதா?" என்று நிபுணர் கேட்டார். "ஒரு பேட்ஜுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"பதினோரு செகண்டு."

"அப்போ பதினோரு செகண்டு கோளாறு."

தலைவர் என்ன இருந்தாலும் நீதிபதி. "பன்னெண்டாவது செகண்டுல யாருங்க ரிப்பேர் பண்ணினது?" என்றார்.

அப்போது அந்த மூன்றாவது உறுப்பினர், குழு தொடங்கிய நாளிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தார். "அந்தப் பேட்ஜ் தொலைஞ்சு போயிருந்தா?"

எல்லோரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். தொலைந்த பேட்ஜுக்கு ரீடிங் கிடையாது. ரீடிங் இல்லையென்றால் கருவியில் கோளாறும் இல்லை, வீட்டில் கோளாறும் இல்லை. வெல்டருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும். சகலருக்கும் சௌகரியம். பத்து நிமிடத்தில் தாள் டைப் ஆகி வந்தது. திங்கட்கிழமை காலை கையெழுத்தோடு கொண்டுவரச் சொன்னார்கள்.

"அந்த வீட்டை மட்டும் ஒருதடவை அளந்து பாத்துட்டா நல்லது சார்" என்றாள்.

"தொலைஞ்சு போன பேட்ஜுக்கு எதுக்கும்மா வீட்டை அளக்கணும்?" என்றார் நிபுணர், நிஜமாகவே புரியாமல்.

7

முடிவு ஒன்று. ரீடிங் அக்கா அந்தத் தாளைக் குழுவின் முன்னால் கிழித்துப் போடுகிறாள். ஒன்றரைப் பக்கத்துக்குப் பேசுகிறாள். நீதிபதியின் கண்கள் கலங்குகின்றன. (அவர் கண்களைக் கலங்க வைக்கும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

முடிவு இரண்டு. பத்திரிகைக்குப் போகிறாள். நிருபர் "போட்டோ இருக்கா?" என்கிறார். வீட்டு வாசலில் வெல்டர் நிற்கும் படம் ஆறாம் பக்கத்தில் வருகிறது. கதிர்வீச்சு படத்தில் விழவில்லை. மறுநாள், பத்திரிகைக்குச் சொன்னது யார் என்று விசாரிக்க இன்னொரு குழு அமைகிறது.

முடிவு மூன்று. கையெழுத்துப் போடுகிறாள். பேனாவை மூடுகிறாள். வெளியே ஷிப்ட் முடிந்து, அறுநூற்றுப் பன்னிரண்டு பூஜ்யங்கள் வரிசையாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

இந்தக் கடைசி வரி எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்தேன். பரிசுக் குழுக்கள் அடிக்கோடு போடுகிற வரி.

8

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனார் வந்தாள். நான் காப்பி கலந்துகொண்டு வருவதற்குள் சாப்பாட்டு மேசைமேல் கிடந்த பிரதியை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சண்டைக்குத் தயாராக எதிரே உட்கார்ந்தேன். அவள் சண்டை போடவில்லை.

"பதினோரு செகண்டு இல்ல அண்ணி, பதினாலு" என்றாள். பிறகு கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்று குழு கொடுத்தது. இன்னொன்று அவளே கையால் எழுதியது: பேட்ஜ் எங்கே தொங்கியது, எத்தனை நாள், யார் தலைக்கு மேல், எவ்வளவு காட்டியது. இரண்டிலும் கையெழுத்து இல்லை.

எழுதுகிறவர்களுக்கு வெட்கம் கிடையாது. "மூணுல எந்த முடிவு நல்லா இருக்கு?" என்று கேட்டேன்.

"மூணும் நல்லாத்தான் இருக்கு அண்ணி. மூணுலயும் பாப்பா அந்த ரூம்லதான் தூங்குது."

பக்கங்களைப் புரட்டினேன். ஆமாம். ஒன்றரைப் பக்கப் பேச்சு நடக்கும்போதும் அங்கேதான். நீதிபதி கண்ணைத் துடைக்கும்போதும் அங்கேதான். முகம் சுட்டது. அந்தக் குழந்தை எங்கே போகும் என்று ஒரு வரிகூட நான் யோசித்திருக்கவில்லை.

"நாலாவது ஒண்ணு எழுதறேன்" என்று பேனாவை எடுத்தேன். திங்கட்கிழமை காலை ரீடிங் அக்கா—

நாத்தனார் எழுந்து போய், நான் எழுதுகிற அறையின் கதவைத் தள்ளிப் பார்த்தாள். உள்ளே மேசை, புத்தக அலமாரி, மத்தியானம் நான் சாய்ந்துகொள்ளும் நீள நாற்காலி. அடியெடுத்து வைத்து இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடந்து அளந்தாள்.

"நாளைக்கு நான் உண்மையை எழுதின தாள்ல கையெழுத்துப் போட்டுடறேன் அண்ணி. என்னை எங்கேயாவது தூக்கி அடிப்பாங்க, அது பரவாயில்ல. சாயங்காலத்துக்குள்ள அந்த வெல்டர் குடும்பத்தை வீட்டை விட்டுக் கிளப்பிடுவாங்க. எங்க வீட்டுல மாமியாரே ஹால்லதான் படுக்குறாங்க. இங்க மூணு பேருக்குத் தாராளமா இடம் இருக்கு. ஒரு கட்டில் போடலாம். வேற ஏற்பாடு ஆகுற வரைக்கும்."

நான் சொன்ன பதிலை மறைக்காமல் எழுதுகிறேன். "அப்படி முடிச்சா செயற்கையா இருக்கும்மா. எழுத்தாளரே கதைக்குள்ள வந்து காப்பாத்துற மாதிரி. படிக்கிறவங்க ஒத்துக்க மாட்டாங்க."

"நான் கதையைக் கேக்கல அண்ணி. ரூமைக் கேக்கறேன்."

9

முடிவை வாசகர்களிடம் விடுவது எங்கள் தொழிலில் கௌரவமான பழக்கம். பதில் தெரியாதபோதுதான் அப்படிச் செய்வோம் என்று நினைத்திருப்பீர்கள். பதில் நன்றாகத் தெரிந்து, அது நமக்குச் சௌகரியப்படாதபோதும் செய்வதுண்டு.

நாத்தனார் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். காப்பியைத் தொடவில்லை. நான் எழுதிக்கொண்டே இருக்கும்வரை அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

இனி உங்கள் பாடு. குழுவைக் கிண்டல் செய்யலாம், நிபுணரைக் கிழிக்கலாம், என்னைத் திட்டலாம். எனக்கு அட்டியில்லை. அதற்கு முன்னால் ஒருதடவை எழுந்து போய், உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். அவள் கேட்டது ஒரு கட்டில் போடுகிற இடம்தான்.