இடது ஒன்று, வலது ஒன்று

கரின் அம்மாள் கையை நீட்டி, "இப்போது இடது" என்றபோது சிவராஜுக்கு மங்கலம் ரோட்டின் நடுவிலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணி வெயில். வாரத்தில் ஒரே ஒரு நாள் அவன் கறி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, காலை நீட்டிப் படுக்கிற நாள். அந்த நாளில், ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஐம்பத்தைந்து வயது அம்மாள் ஒருத்திக்குப் பின்னால், தான் பிறந்து வளர்ந்த ஊரையே வேடிக்கை பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது.

அவள் சாதாரண ஆள் அல்ல. சிவராஜ் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் பனியன் கம்பெனி தைக்கிற பாதித் துணிக்கு அவள்தான் கையெழுத்துப் போடுகிறவள். போகிற ஊரிலெல்லாம் விடுமுறை நாளில் தனியாக நடப்பது அவளுக்கு வழக்கமாம். கோயில், கடைவீதி, கோட்டை எதுவும் வேண்டாம். வரைபடத்தில் பேர் போடாத தெருக்கள்தான் வேண்டும். அதற்கு அவளே ஒரு விதி வைத்திருந்தாள். தெரு பிரிகிற இடத்தில் முதலில் இடது, அடுத்து வலது, மறுபடி இடது. யார் சொன்னாலும் மாற்ற மாட்டாள். "நானே தேர்ந்தெடுத்தால் அழகான தெருவாகத் தேர்ந்தெடுத்துவிடுவேன்" என்று காலையில் லாட்ஜ் வாசலில் விளக்கம் வேறு சொன்னாள். இது என்ன கர்மம் என்று சிவராஜ் நினைத்தான். வாயால், "வெரி நைஸ் மேடம்" என்றான்.

முதலாளி சென்னியப்பன் விடியற்காலையிலேயே போன் செய்திருந்தார்.

"கண்ணு, அந்தம்மா கார் வேண்டாங்கறாங்க. தனியா நடக்கறாங்களாமா. நீ பின்னாலயே போயிரு. ஆந்தை ஒண்ணுகூட அவங்க கண்ணுல படக்கூடாது."

"நான் எப்படீங்க ஐயா ஊர்ல இருக்கற ஆந்தையெல்லாம்..."

"ஊர்ல எத்தனை ஆந்தை திரியுதுன்னு உனக்குத்தான தெரியும்? பறக்க உட்டவனே நீதானே! நாளைக்குக் காலைல அடுத்த சீசன் ஆர்டர் கையெழுத்து. டாலர் இருக்கற இருப்புக்கு இந்த ஆர்டரும் போச்சுன்னா கம்பெனிக்குப் பூட்டுதான். அப்பறம் நீயும் அந்தம்மாகூடவே பிளேன் ஏறிக்க."

ஆந்தை என்பது ஒரு டீ-சர்ட். மஞ்சள் துணியில், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் ஊதா ஆந்தை. அனுப்பிய சரக்கு இன்னும் கப்பலில் இருக்கிறது. ஹாம்பர்க் கடைகளில் ஜனவரியில்தான் தொங்கும். அதுவரை அந்தப் படம் உலகத்தில் யார் கண்ணிலும் படக்கூடாது என்பது ஒப்பந்தம். மீந்த பீஸ்களையும் தையல் பிசகிய பீஸ்களையும் கத்தரிக்கோலால் வெட்டி, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அந்த வேலை சிவராஜுக்கு வந்தது. ஒரு சாயங்காலம் கத்தரியோடு உட்கார்ந்தான். நாலைந்தை வெட்டினான். குழந்தை சட்டை ஒன்றின் கழுத்தில் கத்தரியை வைத்தபோது கை நின்றுவிட்டது. நூல் கொஞ்சம் தூக்கியிருந்தது, அவ்வளவுதான். ஹாம்பர்க்கில் யாரோ எழுதிவிட்டார்கள் என்பதற்காகப் போட வேண்டிய துணியைப் போய் வெட்டுவதா? வெட்டியதை மேலாகப் பரப்பிப் போட்டோ எடுத்தான். மற்றது மூட்டையாக வீட்டுக்குப் போனது. வீட்டிலிருந்து தெருவுக்குப் போனது. இந்த ஊரில் எந்தக் கம்பெனியிலும் நடக்கிறதுதான். ஆனால் ஆர்டர் கொடுக்கிற எந்தப் பையரும் இப்படி இடது வலது என்று சந்து சந்தாக நுழைந்ததில்லை.

கருவம்பாளையம் பக்கம் தெருக்கள் சுருங்கத் தொடங்கின. ஞாயிறு என்றாலும் ஏதோ ஒரு மாடியில் பவர் டேபிள் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசற்படிகளில் பெண்கள் மடி நிறையத் துணியை வைத்துக்கொண்டு நூல் பிசிறு வெட்டினார்கள். கரின் ஒவ்வொன்றுக்கும் நின்றாள். கட்டிங் வேஸ்ட் மூட்டை மேல் தூங்கும் பூனைக்கு நின்றாள். கம்பத்தில் ஒட்டியிருந்த 'டெய்லர்கள் தேவை' நோட்டீசுக்கு நின்றாள். சாக்கடைக்குக்கூட நின்று, அது ஏன் நீலமாக ஓடுகிறது என்று கேட்டாள். "நேற்றைக்குச் சிவப்பு மேடம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, சிவராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அடுத்தது வலது. வலதில் இளநீர்க் கடை. கடைக்காரர் கிட்டுசாமி, சிவராஜின் பெரியப்பா வகையில் மாமன் முறை, தொப்பை பிதுங்க ஆந்தையைப் போட்டுக்கொண்டு நின்றார். ஆந்தையின் திறந்திருந்த கண், தொப்பையின் மேட்டில் தட்டு அகலத்துக்கு விரிந்து கிடந்தது.

சிவராஜ் ஒரே தாவில் இருவருக்கும் நடுவில் போய் நின்றான்.

"ஏனுங் மாப்ள, காத்தை மறிச்சுட்டு நிக்கறீங்க? நகருங்க. அம்மிணி யாரு, சினிமாக்காரங்களா?"

"மாமா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

"திரும்பி நின்னு எப்படீங் மாப்ள எளனி வெட்டறது? வெரலு போயிராதா?"

"திரும்புங்க மாமா, கும்பிடறேன்."

கிட்டுசாமி அலுத்துக்கொண்டே திரும்பினார். முதுகில், இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரைக்கும், கரினுடைய கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதை அப்ரூவ் செய்து ஹாம்பர்க்குக்கு மெயில் போட்டதே தான்தான் என்பது சிவராஜுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கரின் இளநீரைக் குடித்தாள். தலையை அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தாள். காயைக் கீழே வைத்தாள். பார்த்தாளா, பார்க்கவில்லையா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இனிப்பாக இருக்கிறது" என்றாள். எதைச் சொன்னாள்? இந்த வெள்ளைக்காரர்களிடம் இதுதான் கஷ்டம். நம் ஊர் ஆளாக இருந்தால் இந்நேரம் சட்டையைப் பிடித்து, ஏன்டா என்று கேட்டிருப்பான். அவனுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

அங்கிருந்து நடந்தபோதுதான் சிவராஜ் மனதுக்குள் தெருக்களைப் போட்டுப் பார்த்தான். அடுத்து இடது. அது மாவு மில் சந்து. அதற்கடுத்து வலது. பால் சொசைட்டி. பிறகு இடது.

அந்த இடது அவனுடைய சந்து.

கொஞ்சம் பின்தங்கி மனைவிக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டான். மூன்றாவது தடவைதான் கோமளா எடுத்தாள்.

"சோப்புக் கையோட எடுத்திருக்கறனுங்க. சுருக்காச் சொல்லுங்க. கறி வாங்கியாச்சா?"

"கறி கெடக்குது. நான் சொல்றதைக் கேளு. கொடியில இருக்கற துணியெல்லாம் உடனே உள்ள எடு. நம்மூடு மட்டுமில்ல, சந்து முச்சூடும். கம்பெனி வெள்ளைக்காரம்மா வந்துட்டிருக்குது."

"நம்மூட்டுக்குங்களா?"

"ஊட்டுக்கில்ல, சந்துக்கு! ஆந்தையை எடு புள்ள!"

"ஈரத்துணியை எடுத்து எங்கீங்க போடறது, உங்க தலைமேலயா? இப்பத்தானுங்க அலசிப் போட்டேன். விருந்தாளி வர்றதை இப்படித்தான் வாசல்ல வந்து நின்னுட்டுச் சொல்லுவீங்களா? ஊடு கெடக்கற கெடை! வைங்க போனை, நா கூட்டோணும்."

வைத்துவிட்டாள். மறுபடி போட்டான். எடுக்கவில்லை. பதினோரு வருடக் குடித்தனத்தில் அவன் சொன்ன ஒரு விஷயத்தையாவது அவள் அவன் சொன்ன வரிசையில் கேட்டதில்லை.

பால் சொசைட்டி வந்தது. கரின் வலது பக்கம் திரும்பினாள். நாற்பதடி தள்ளி இடது பக்கம் சந்து வாய் தெரிந்தது. சிவராஜ் முன்னால் ஓடி அதை அடைத்துக்கொண்டு நின்றான்.

"மேடம், இது தெரு இல்லை. ஒரு வீட்டு வாசல். பிரைவேட்."

சொல்லி முடிக்கவில்லை, அவன் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்தது. பின்சீட்டில் துணி ரோல்களைக் கட்டிய டி.வி.எஸ். ஒன்று அவனை உரசிக்கொண்டு வெளியே வந்தது. அதன் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு ஒரு சைக்கிள். அதன் பின்னால் கோலமாவு விற்கிறவள்.

"பெரிய வீடு" என்றாள் கரின். அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை என்பது கம்பெனி ஜனங்களுக்குத் துவைக்கிற நாள். சந்தின் இரு பக்கச் சுவர்களுக்கும் நடுவில், தலைக்கு மேலே, வரிசை வரிசையாகக் கயிறு. கயிறு முழுக்க ஆந்தை. இரண்டு வயதுக் குழந்தையின் ஆந்தையில் தொடங்கி, நாலு வயது, ஆறு வயது, பத்து வயது, பிறகு பெரியவர்களுடையது, கடைசியில் எக்ஸ்ட்ரா லார்ஜ் வரை. சாம்பிள் ரூமில்கூட அவன் இவ்வளவு ஒழுங்காக சைஸ் செட்டை அடுக்கியதில்லை. மஞ்சள் துணி வெயிலை வாங்கி, சந்து முழுவதும் ஒரு மஞ்சள் வெளிச்சம். கரின் அதற்கு அடியில் மெதுவாக நடந்தாள். சொட்டிய தண்ணீர் அவள் தோளில் விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. சிவராஜ் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் சந்து நீளமானது என்று உணர்ந்தான்.

"வாங்க, வாங்க" என்று கோமளா வாசலுக்கு வந்தாள். புடவை மாற்றியிருந்தாள். எதிர்வீட்டு மருதாள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள்.

"உக்காருங்க அம்மிணி. வெயில்ல இப்படிப் பொசுங்கிட்டீங்களே. ஏனுங் சிவராஜு, ஒரு ஆட்டோ புடிக்க மாட்டீங்களா? கம்பெனியில அவ்வளவு கஷ்டமா?"

கரின் உட்கார்ந்தாள். சந்தே கூடிவிட்டது. கோமளா கொடுத்த மோரைக் குடித்தாள். சிவராஜ் கோமளாவைப் பார்த்தான். கண்ணாலேயே கத்தினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்டது. பிறகு, நேற்றைய துணி காயும் பின்கட்டுக் கொடிப் பக்கம் காலடிச் சத்தம்.

வெளியே வந்தபோது கையில் தாம்பாளத் தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், இரண்டு வாழைப்பழம், ஒரு முழம் மல்லிகை. முதல்முறை வீட்டுக்கு வருகிற பெண்ணை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இல்லை. தட்டில் ரவிக்கைத் துணி வைப்பார்கள். ரவிக்கைத் துணி இருக்க வேண்டிய இடத்தில், நான்காக மடித்து, காய்ந்து விறைத்த ஆந்தை ஒன்று உட்கார்ந்திருந்தது. மடிப்பில் மூடிய கண் மேலே தெரிந்தது.

"அடியே!" என்றான் சிவராஜ்.

"சும்மா இருங்க. ஊட்ல ரவிக்கைத்துணி இல்லீங்க. இருக்கறதுல இதுதான் புதுசு, ஒருதரந்தான் நனைச்சது. அவங்க ஊர்ல இந்த மாதிரியெல்லாம் கெடைக்குதோ என்னமோ. வாங்கிக்கச் சொல்லுங்க."

கரின் தட்டைப் பார்த்தாள். பிறகு சிவராஜைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் அவனை நேராகப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"இந்த அம்மாள் என்ன சொல்கிறார்?"

சிவராஜுக்கு ஆங்கிலம் மொத்தமும் மறந்துவிட்டது போலிருந்தது. எத்தனையோ பொய் இருந்தது. இது வேறு கம்பெனித் துணி, கடையில் வாங்கியது, படம் திருட்டுப் போய்விட்டது. ஒன்றுகூடக் கோர்வையாக வரவில்லை. கோமளா தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். கை வலிக்குமே என்றுதான் தோன்றியது.

"என் மனைவி மேடம். நீங்கள் முதல்முறை வந்திருக்கிறீர்கள். இருப்பதில் நல்லதை உங்களுக்குக் கொடுக்கிறாள்."

"வேண்டாம் என்று சொல்லலாமா?"

"சொல்ல முடியாது மேடம்."

கரின் எழுந்து இரண்டு கையாலும் தட்டை வாங்கி, மறுபடி உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டாள். "புரியுதே அம்மிணிக்கு!" என்று மருதாள் கையைத் தட்டினாள். கோமளா நெற்றியில் குங்குமம் வைத்தாள். மல்லிகையை எடுத்தாள். அந்தக் குட்டை முடியில் பூ நிற்கவில்லை. வழுக்கி வழுக்கி விழுந்தது. "கொஞ்சம் குனிஞ்சுக்கச் சொல்லுங்க" என்றாள்.

அவன் சொல்வதற்குள் கரினே தலையைக் குனிந்துகொண்டாள். கோமளா வாயில் ஹேர்பின்னைக் கவ்விக்கொண்டு, பூவை வைத்து அழுத்தினாள். சிவராஜின் சட்டைப்பையில் போன் அதிரத் தொடங்கியது. சென்னியப்பன்தான். அவன் எடுக்கவில்லை. குனிந்த தலைக்குக் கீழே, மடியில், கரினின் விரல்கள் சட்டையை மெல்லப் பிரித்தன. பக்கத் தையலோடு கீழே இறங்கி, உள்ளே தைத்திருந்த, ஆர்டர் எண் அச்சிட்ட வெள்ளை லேபிளில் போய் நின்றன. ஒரு விரல் அதன்மேல், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளைப் போல, நகர்ந்துகொண்டிருந்தது.

"ஆடாம இருங்க கண்ணு" என்றாள் கோமளா, "இன்னும் ஒரு பின்னுதான்."